மலைக்காய் போட்ட லைட் ரிசொட்டோ: குன்னூர், ஊட்டி பக்கத்துல அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

பனி விட்டு பட்டாணி இறங்க ஆரம்பிச்சதும் தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, ஹோம்ஸ்டே நடத்துற பசங்கன்னு எல்லாரும் கேக்குறது இதுதான், ரிசொட்டோ வீட்ல எப்படி பண்றது, ஹோட்டல்ல சாப்ட்டா வயிறு கனமா இருக்கே, லைட்டா பண்ண முடியுமான்னு. முடியும். நம்ம மலையில விளையுற இளசு காய் இருக்கும்போது அதுதான் பண்ணணும். கேட்ட கேள்விகள எல்லாம் இங்க ஒண்ணா போட்டிருக்கேன், மலையில சமைக்கிறவங்களுக்குன்னே எழுதினது, சமவெளியில இருக்கிறவங்க நேரத்த மட்டும் குறைச்சுக்கோங்க.

ரிசொட்டோன்னா என்ன, நம்ம வெண்பொங்கல் மாதிரி தானே?

பாக்க அப்படித்தான் இருக்கும், ஆனா பொங்கல்ல அரிசி குழையணும், இதுல குழையக் கூடாது. இத்தாலியோட வடக்குப் பக்கம், போ ஆத்துப் படுகையில வெர்செல்லி, நொவாரா, பாவியான்னு நெல்லு விளையுற ஊருங்க இருக்கு, அங்க இருந்து வந்த சாப்பாடு இது. குட்டையா குண்டா இருக்கிற அரிசிய கொஞ்சம் எண்ணெய்ல வறுத்து, சூடான காய் தண்ணிய கரண்டி கரண்டியா ஊத்தி கிளறி வேக வைக்கிறாங்க. கிளறக் கிளற அரிசியோட மேல்பக்க மாவுச்சத்து கரைஞ்சு தண்ணியோட சேர்ந்து அதுவே சாஸ் ஆயிடும், நடுவுல மட்டும் பல்லுக்கு லேசா தட்டுப்படுற மாதிரி நிக்கும். தட்டுல போட்டா தானா மெல்ல பரவணும், குமிச்சு வச்ச மாதிரி நின்னா தண்ணி பத்தலன்னு அர்த்தம். க்ரீம் எதுவும் இதுல கிடையாது, அந்த வழவழப்பு முழுக்க அரிசியில இருந்து வர்றது.

எந்த மாசத்துல பண்ணா நல்லா இருக்கும், இங்க என்னென்ன காய் கிடைக்கும்?

இத்தாலியில மார்ச்ல இருந்து மே வரைக்கும் வசந்தம், அப்ப அங்க ஆஸ்பராகஸ், பட்டாணி, ஃபாவா பீன்ஸ் எல்லாம் வரும். வெனிஸ்ல ஏப்ரல் 25, செயின்ட் மார்க் திருநாள் அன்னைக்கு புதுப் பட்டாணியும் அரிசியும் சேர்த்து ரிசி எ பிசின்னு ஒண்ணு சமைக்கிறது பழைய வழக்கம். நமக்கும் கிட்டத்தட்ட அதே மாசம்தான் ஒத்து வருது. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் உறைபனி, அது முடிஞ்சப்புறம் நீர்போகத்துல, அதாவது தண்ணி பாய்ச்சி பண்ற போகத்துல போட்ட காய் ஏப்ரல் மே வாக்குல இளசா இறங்கும்.

பட்டாணி, கேரட், பீன்ஸ், பட்டர் பீன்ஸ், லீக்ஸ் (தடியான வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்), செலரி, நூக்கோல், சுக்கினி (வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும்), பட்டன் காளான் இதெல்லாம் ஊட்டி மார்க்கெட்லயும் குன்னூர் மார்க்கெட்லயும் கிடைக்கும், உழவர் சந்தைக்கு காலையிலயே போனா இன்னும் நல்லா பாத்து எடுக்கலாம். கொடைக்கானல்காரங்களுக்கு ஞாயித்துக்கிழமை சந்தை இருக்கு, பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துக் காய் அங்க வரும். ஆஸ்பராகஸ் எப்பவாவது கண்ணுல படும், விலையும் ஜாஸ்தி, அது இல்லன்னு யாரும் கவலைப்பட வேணாம். ஃபாவா பீன்ஸுக்கு பதிலா நம்ம பட்டர் பீன்ஸ் போடுங்க, என்னக் கேட்டா அதுதான் இன்னும் ருசி. சுக்கினி கிடைக்கலன்னா இளசு மேரக்காய, அதான் சௌசௌவ எடுத்து தோல் சீவி பொடிசா நறுக்கிக்கோங்க, வீட்டுப் பந்தல்ல காய்க்கிறதே போதும்.

எல்லா காயையும் ஒரே சட்டில போடாதீங்க, மூணு காய் போதும், நாலுக்கு மேல போனா எது என்ன ருசின்னே தெரியாது.

ஃப்ரோசன் பட்டாணி போட்டா என்ன, உரிக்கிற வேலை மிச்சம் தானே?

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ இருந்தா தாராளமா போடுங்க. ஆனா இங்க இருந்துக்கிட்டு ஃப்ரோசன் வாங்குறத என்னால ஏத்துக்க முடியல. பட்டாணிய செடியில இருந்து பறிச்ச நேரத்துல இருந்தே அதுல இருக்கிற சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமா மாவுச்சத்தா மாறிக்கிட்டே இருக்கும், சூடு ஜாஸ்தியா இருந்தா சீக்கிரமா மாறும், அதனாலதான் மேட்டுப்பாளையம் இறங்கி லாரியில போய் ரெண்டு நாள் கழிச்சு கடைக்கு வர்ற பட்டாணி மாவு மாவா இருக்கு. நமக்கு காலையில பறிச்சது மதியம் கைக்கு வருது. அந்த இனிப்பு தான் இந்த சாப்பாட்டுக்கே உயிர், அத விட்டுட்டு சீஸ கூட போட்டு ருசி வரவைக்கப் பாக்குறதுல அர்த்தமே இல்ல. தோலோட அரைக்கிலோ வாங்குனா உரிச்சு 200 கிராம் வாக்குல வரும். தோல தூக்கிப் போடாதீங்க, அது ஸ்டாக்குக்கு, அதாவது அரிசிக்கு ஊத்துற காய் தண்ணிக்கு வேணும்.

வாங்கும்போது தோல் பளபளன்னு இருக்கணும், ரெண்டு காய ஒண்ணோட ஒண்ணு தேச்சா கிறீச்னு சத்தம் வரணும். உள்ள பட்டாணி ஒண்ணோட ஒண்ணு நெருக்கி சப்பையா ஆகிற அளவுக்கு முத்தியிருந்தா அது குருமாவுக்கு.

என்ன அரிசி வாங்கணும்? பொன்னி, சீரக சம்பாவுல வராதா?

ஆர்போரியோ, கார்னரோலி, வியலோனே நானோன்னு மூணு இத்தாலி அரிசி இதுக்கு பேர் போனது. இதுல ஆர்போரியோ தான் நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட்ல சுலபமா கிடைக்கும், கார்னரோலி கிடைச்சா அது இன்னும் நல்லது, சீக்கிரம் குழையாம நிக்கும்.

புழுங்கலரிசி வேணவே வேணாம், பொன்னி புழுங்கலோ இட்லி அரிசியோ எதுவா இருந்தாலும் சரி. நெல்லோடவே அவிச்சு காய வச்சதால அந்த மாவுச்சத்து ஏற்கனவே வெந்து இறுகிப் போயிருக்கும், எவ்வளவு கிளறினாலும் வெளிய வராது. பாஸ்மதியும் உதிரி உதிரியா போயிடும். கையில இருக்கிறத வச்சுதான் பண்ணணும்னா சீரக சம்பா பச்சரிசில பண்ணுங்க, அளவுல சின்னது, நல்லாவே சேர்ந்து வரும், ஆனா அதுக்குன்னு ஒரு வாசனை இருக்கு, அது காய் வாசனைய கொஞ்சம் மறைக்கும், அதனால சீரக சம்பாவுல பண்ணா பட்டாணிக்கு பதிலா காளான் போடறது பொருத்தமா இருக்கும். சாதாரண பொங்கல் பச்சரிசியிலயும் வரும், ஆனா கண்ண எடுத்தா குழைஞ்சிடும், பக்கத்துலயே நிக்கணும்.

அரிசிய கழுவணுமா?

கழுவாதீங்க, ஊற வைக்காதீங்க. நமக்கு வேண்டிய மாவு தண்ணியோட போயிடும். கல்லு தூசி இருக்கான்னு பாத்து புடைச்சுட்டு அப்படியே போடுங்க. சீரக சம்பாவ கழுவாம போட மனசு வரலன்னா ஒரே ஒரு தடவ சட்டுனு அலசி வடிச்சு துணியில பரப்பி ஈரம் போக காய வச்சிட்டு போடுங்க.

ரெசிப்பில 18 நிமிஷம்னு போட்டிருக்கு, எங்க வீட்ல 18 நிமிஷம் ஆகியும் அரிசி நறுக்கு நறுக்குன்னு இருக்கு, அரிசி மட்டமா?

அரிசி நல்ல அரிசிதான், மலை தான் காரணம். இத நல்லா புரிஞ்சுக்கிட்டா மத்த எல்லாமே சுலபம், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

மேல போகப் போக காத்தழுத்தம் குறையும், அழுத்தம் குறைஞ்சா தண்ணி கம்மி சூட்டுலயே கொதிச்சிடும். தோராயமா 300 மீட்டர் ஏறுனா ஒரு டிகிரி குறையும்னு வச்சுக்கலாம். மேட்டுப்பாளையத்துல தண்ணி 99 டிகிரில கொதிக்கும், குன்னூர் 1,850 மீட்டர், அங்க 94 டிகிரி, ஊட்டி 2,240 மீட்டர், அங்க 92, 93 டிகிரி தான். கொடைக்கானலும் 2,100 மீட்டருக்கு மேல, அங்கயும் கிட்டத்தட்ட ஊட்டி கணக்கு தான். கொதி வந்துடுச்சுன்னு பாக்குறோம், பொங்குது, ஆவி பறக்குது, ஆனா சட்டிக்குள்ள சூடு கம்மி. அடுப்ப எவ்வளவு கூட்டுனாலும் தொறந்த பாத்திரத்துல தண்ணி அதுக்கு மேல சூடாகாது, சீக்கிரம் வத்தத்தான் செய்யும். இங்க எல்லா வீட்லயும் பருப்புக்கும் சோறுக்கும் குக்கர் இல்லாம ஓடாததுக்கு இதுதான் காரணம்.

ஆக கடற்கரை பக்கத்து ஊர்க்காரங்க எழுதின 18 நிமிஷம் குன்னூர் கோத்தகிரில 21, 22 நிமிஷம் ஆகும், ஊட்டில 24, 25 வரைக்கும் கூட போகும். நேரம் கூடுனா வத்துறதும் கூடும், அதனால ரெசிப்பில ஒரு லிட்டர் ஸ்டாக்னு இருந்தா நீங்க ஒண்ணேகால் லிட்டர் சூடா ரெடியா வச்சிருங்க. தீ மிதமா இருக்கட்டும். 15 நிமிஷம் ஆனதுல இருந்து ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ நாலு பருக்கை எடுத்து கடிச்சுப் பாருங்க, கடிச்ச பருக்கைக்கு நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி தெரியும், அந்தப் புள்ளி ஊசி முனை அளவுக்கு சின்னதானதும் அடுப்ப அணைக்கலாம். கடிகாரத்த பாக்காதீங்க, பல்ல நம்புங்க.

காய்க்கும் இதே கணக்கு தான். பட்டாணிக்கு ரெண்டு நிமிஷம்னு எழுதியிருந்தா இங்க மூணு, நாலு நிமிஷம் குடுங்க, பட்டர் பீன்ஸ தனியா முன்னாடியே வேக வச்சிடுங்க.

ஸ்டாக் கியூப் போட்டா போதாதா? வீட்ல ஸ்டாக் எப்படி பண்றது?

கியூப்ல உப்பு தான் தூக்கலா இருக்கும், வத்த வத்த உப்பு இன்னும் ஏறும், இளசு காயோட ருசி அதுல அடிபட்டுப் போகும். வீட்லயே பண்ணுங்க, வேலையே இல்ல. லீக்ஸோட பச்சைப் பகுதி, செலரி இலை தண்டு, ஒரு கேரட், அரை வெங்காயம், பட்டாணித் தோல் ரெண்டு கைப்பிடி, காளான் காம்பு இருந்தா அது, நாலஞ்சு மிளகு, ஒரு பிரிஞ்சி இலை. ரெண்டு லிட்டர் தண்ணில போட்டு முக்கா மணி நேரம் மெல்லக் கொதிக்க விட்டு வடிகட்டுங்க. லீக்ஸ் மடிப்புக்குள்ள மண்ணு நிறைய இருக்கும், நீளவாக்குல கீறி இதழ் இதழா விரிச்சு கழுவுங்க.

முட்டைகோஸ், காலிஃபிளவர், ப்ராக்கோலி போடாதீங்க, கந்தக வாடை வந்துடும். உப்பு ரொம்ப ரொம்ப கம்மியா போடுங்க. ரிசொட்டோ பண்ற நேரம் முழுக்க ஸ்டாக் பக்கத்து அடுப்புல சூடாவே இருக்கணும், ஆறுன தண்ணிய ஊத்துனா ஒவ்வொரு தடவையும் வேகுறது நின்னு நின்னு போகும், ஏற்கனவே சூடு கம்மியான ஊர் வேற.

வைன் ஊத்தாம பண்ணலாமா?

பண்ணலாம். வைன் குடுக்கிறது ஒரு புளிப்பு, அந்தப் புளிப்புக்கு கடைசியில அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, தோல கொஞ்சம் துருவிப் போட்டா போதும், வசந்த காலக் காய்க்கு எலுமிச்சை ரொம்ப நல்லா சேரும். ஆரம்பத்துலயே பிழியாதீங்க, வாசனை போயிடும், பட்டாணியும் பச்சை மங்கி பழுப்பாயிடும்.

சரி, முழுசா ஒரு தடவ சொல்லுங்க, நாலு பேருக்கு.

அரிசி 300 கிராம், சூடான ஸ்டாக் ஒண்ணரை லிட்டர் (மிச்சம் இருக்கும், இருக்கட்டும்), லீக்ஸ் ஒண்ணு வெள்ளைப் பகுதி மட்டும், உரிச்ச பட்டாணி 200 கிராம், இளசு கேரட் ரெண்டு, சுக்கினியோ மேரக்காயோ ஒண்ணு, ஆலிவ் எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, வெண்ணெய் 15 கிராம், துருவின சீஸ் 30 கிராம், எலுமிச்சை பாதி, மிளகுத்தூள், கொஞ்சம் பார்ஸ்லி இல்லன்னா தைம்.

முதல்ல பட்டாணிய உப்பு போட்ட கொதிக்கிற தண்ணில நாலு நிமிஷம் போட்டு எடுத்து உடனே பச்சைத்தண்ணில போடுங்க. அதுல பாதிய ஒரு கரண்டி ஸ்டாக் விட்டு மிக்ஸில நைசா அரைச்சுக்கோங்க, மீதிய முழுசா வைங்க. சுக்கினிய பொடிசா நறுக்கி அரை கரண்டி எண்ணெய்ல பெரிய தீயில சட்டுனு வதக்கி தனியா வைங்க, சட்டிக்குள்ள அரிசியோட போட்டா தண்ணி விட்டு கரைஞ்சிடும். மேரக்காய்னா இன்னும் நாலு நிமிஷம் கூட வதக்கணும்.

அடி கனமான அகலமான சட்டில மீதி எண்ணெய ஊத்தி லீக்ஸ பொடிசா நறுக்கிப் போட்டு சின்ன தீயில வதக்குங்க, செவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆனா போதும். அரிசிய போட்டு ரெண்டு மூணு நிமிஷம் வறுங்க, கையில தொட்டா சுடணும், ஓரம் தெளிவா நடுவுல வெள்ளையா தெரியும். இப்ப ரெண்டு கரண்டி ஸ்டாக். சலசலன்னு சத்தம் வரும். அது வத்தி கரண்டி இழுத்த தடம் ஒரு நொடி நிக்கும்போது அடுத்த கரண்டி. இப்படியே போயிட்டே இருங்க. பாதி வழியில, பத்து நிமிஷம் வாக்குல, பொடிசா நறுக்கின கேரட்ட போடுங்க.

அரிசி முக்காலுக்கு மேல வெந்ததும் அரைச்ச பட்டாணி விழுதயும் முழுப் பட்டாணியையும் சேருங்க, சட்டி முழுக்க இளம்பச்சையா மாறும். பருக்கையில ஊசிமுனை புள்ளி வந்ததும் அடுப்ப அணைச்சு ஒரு நிமிஷம் சும்மா விடுங்க. அப்புறம் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த குளிர்ந்த வெண்ணெய், சீஸ், எலுமிச்சை, மிளகு எல்லாம் போட்டு வேகமா கிளறுங்க, தேவைப்பட்டா அரை கரண்டி ஸ்டாக் கூட விட்டு தளர்த்துங்க. சுக்கினிய மேல கலந்து உடனே பரிமாறுங்க. நம்ம ஊர் குளிர்ல தட்டுல போட்ட உடனே இறுகும், அதனால தட்ட வெந்நீர்ல கழுவி சூடா வச்சிருங்க, இத நிறைய பேர் செய்யறதில்ல, செஞ்சா வித்தியாசம் நல்லாவே தெரியும்.

நிறுத்தாம கிளறிக்கிட்டே இருக்கணுமா, கை வலிக்குதே?

வேணாம். ஒவ்வொரு கரண்டி ஊத்தும்போதும் நல்லா கிளறி, நடுவுல அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ அடி பிடிக்காம ஒரு சுத்து சுத்துனா போதும். கடைசி அஞ்சு நிமிஷமும், வெண்ணெய் போட்டப்புறமும் தான் கை ஓயக் கூடாது. ரொம்ப முரட்டுத்தனமா கிளறினா பருக்கை உடையும்.

லைட்டா இருக்கணும்னா வெண்ணெய், சீஸ முழுசா விட்டுடலாமா? க்ரீம் கொஞ்சம் போட்டா?

க்ரீம் கண்டிப்பா வேணாம், காயோட ருசிய மூடிடும். ஹோட்டல்ல வயிறு கனக்கிறதுக்கு காரணமே பாதி நேரம் அதுதான். நான் மேல சொன்ன அளவுல ஆளுக்கு நாலு கிராம் வெண்ணெய் கூட வரல, அந்த பட்டாணி விழுதே வழவழப்ப குடுத்துடுது. வெண்ணெய முழுசா விடணும்னா கடைசியில ஒரு கரண்டி நல்ல ஆலிவ் எண்ணெய் விடுங்க. ரெண்டையும் விட்டா சப்புன்னு ஆயிடும், கொழுப்பு கொஞ்சமாவது இருந்தாதான் வாசனை நாக்குல நிக்கும். தயிர் சேர்க்கலாமான்னு கேக்குறாங்க, கொதிக்கிற சூட்டுல தயிர் திரிஞ்சிடும், வேணாம்.

நாங்க சைவம், பார்மசான் சீஸ் சைவமா?

இத்தாலியில பண்ற அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சைவம் கிடையாது, பால உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னெட் தான் போடறாங்க, அங்க விதியே அப்படி. ரென்னெட் ஒவ்வாதவங்க பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாத்து, மைக்ரோபியல் ரென்னெட்னு (நுண்ணுயிர்ல இருந்து எடுக்கிறது) போட்டிருக்கிறத வாங்குங்க. குன்னூர்லயும் கொடைக்கானல்லயும் சீஸ் பண்றவங்க இருக்காங்க, அவங்ககிட்ட கெட்டியா, பல மாசம் பதம் பண்ணின சீஸ் கேட்டு வாங்குங்க, எந்த ரென்னெட்னு நேராவே கேக்கலாம். பீட்சாவுக்குப் போடற மொசரெல்லா இதுக்கு ஆகாது, நூல் நூலா இழுக்கும்.

பூண்டு, பச்ச மிளகாய் போடலாமா?

பூண்டு ஒரு பல் நசுக்கி எண்ணெய்ல போட்டு வாசனை வந்ததும் எடுத்துடுங்க. கொடைக்கானல் மலைப்பூண்டுன்னா அரைப் பல்லே ஜாஸ்தி, அவ்வளவு காரசாரம் அது. பச்ச மிளகாய் வேணாம்னு தான் சொல்லுவேன், காரம் வேணும்னா மிளகு இடிச்சு மேல தூவுங்க.

பீட்ரூட்?

அது தனி ரிசொட்டோவா பண்ணுங்க. மத்த காயோட சேர்த்தா எல்லாமே சிவப்பாயிடும்.

குக்கர்ல வச்சிடலாமா?

வைக்கலாம், ஊட்டில இருக்கிறவங்களுக்கு நேரமும் மிச்சம். லீக்ஸ், அரிசி வதக்குறது எல்லாம் குக்கர்லயே பண்ணிட்டு ஒரு பங்கு அரிசிக்கு ரெண்டரை பங்கு சூடான ஸ்டாக் ஊத்தி மூடுங்க, பிரஷர் வந்ததும் தீய குறைச்சு ஆறு நிமிஷம், உடனே குக்கர குழாயடியில காட்டி பிரஷர எறக்கிடுங்க, தானா அடங்க விட்டா கூழாயிடும். தொறந்ததும் தண்ணியா தெரியும், பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம் அடுப்புல வச்சு கிளறினா சேர்ந்துக்கும், காய் எல்லாம் அப்பதான் போடணும். ஸ்டாக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பண்ற அந்தப் பக்குவம் வராது, ஆனா வேலை நாள்ல போதும்.

ஹோம்ஸ்டேல 12 பேர் வராங்க, எல்லாருக்கும் அந்த நேரத்துல நின்னு கிளற முடியுமா?

முடியாது, தேவையும் இல்ல. பெரிய சமையலறைகள்ல பண்ற வழி ஒண்ணு இருக்கு. அரிசிய பாதிக்கு மேல, நம்ம ஊர் கணக்குல 14 நிமிஷம் வாக்குல வேக வச்சு, அகலமான ட்ரேயில மெலிசா பரப்பி ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. விருந்தாளி உக்காந்ததும் தேவையான அளவ எடுத்து சூடான ஸ்டாக் ஊத்தி எட்டு பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம். காய், பட்டாணி விழுது, வெண்ணெய், சீஸ் எல்லாம் அப்பதான். ஒரே சட்டில 12 பேருக்கு பண்ணாம ரெண்டு சட்டியா பிரிச்சுக்கோங்க, அடியில இருக்கிறது குழைஞ்சு மேல இருக்கிறது வேகாம நிக்கிற தொல்லை இருக்காது. மே மாச சீசன்ல காய் விலை ஏறும், மார்க்கெட்ல முன்னாடி நாளே சொல்லி வச்சிடுங்க, துணிப்பைய மறக்காம எடுத்துட்டுப் போங்க.

மிஞ்சிடுச்சு, அடுத்த நாள் சூடு பண்ணி சாப்பிடலாமா?

சூடு பண்ணா கட்டி கட்டியா தான் இருக்கும், தண்ணி ஊத்தினாலும் பழைய பதம் வராது. மிலான்ல மிஞ்சின ரிசொட்டோவ தட்டி வெண்ணெய்ல ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு சுட்டு எடுப்பாங்க, அதையே தோசைக்கல்லுல பண்ணுங்க, கைய நனைச்சுக்கிட்டு அரை விரல் கனத்துக்கு தட்டி, சின்ன தீயில ஆறேழு நிமிஷம் விட்டு, அடி நல்லா பிடிச்சப்புறம் திருப்புங்க. அவசரப்பட்டு திருப்பினா உதிரும். பசங்களுக்கு இது ரிசொட்டோவ விடவே பிடிக்கும்.

ஒண்ணு கவனம், ஊர் குளிரா இருக்குன்னு ராத்திரி முழுக்க சட்டிய மேடையிலயே விட்டுடாதீங்க. வெந்த அரிசியில பெருகுற கிருமிக்கு சமையலறை குளிரெல்லாம் பத்தாது, திருப்பி சூடு பண்ணாலும் அது விட்ட நஞ்சு போகாது. சாப்ட்டு முடிஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள ஆழம் கம்மியான டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு அடுத்த நாளே முடிச்சிடுங்க.